சுவர்ப்பக்கத்துக் குழந்தைகள்

சால்த்தோர்ப், நார்ஃபோக்
மார்ச் 3, 1853

ஏபெல்,

இதை நீயே உட்கார்ந்து படி. உனக்கு எழுதத்தான் வராது, எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

காய்ச்சல் விட்டுவிட்டது. நான் எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு ரொட்டிக்கடை ஹெப்சிபா வந்து சொல்லித்தான் நீ ஊரில் இல்லை என்பதே எனக்குத் தெரியும். "ஒன் புருசன் அந்தப் படம் போடுற ஐயாகூட வண்டி ஏறிட்டான்டி. கோயில் கோயிலாப் போயி அவருக்கு மெழுகுவத்தி பிடிக்கப் போறானாம். ஒனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

பிள்ளையை எங்கே வைத்தாய்?

நான் படுத்திருந்தபோதும் இதைத்தான் கேட்டேன். பாதிரியார் சொன்னபடி வடக்கால வெச்சிட்டேன் என்றாய். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாய். ஞானஸ்நானம் ஆகாமல் செத்த பிள்ளைக்கு ஜெபம் கிடையாது, மணி கிடையாது, கல் கிடையாது, கல்லறைத் தோட்டத்தின் வடக்கு வேலிதான் என்பது எனக்கும் தெரியும். அதை நான் கேட்கவில்லை. எந்த இடம் என்று கேட்கிறேன். கோலை ஊன்றிக்கொண்டு அந்த வேலி முழுக்க நடந்து பார்த்தேன். போன வருடத்துக் காஞ்சொறித் தட்டைகள் ஒன்றுகூட ஒடியாமல் நிற்கின்றன. மண் பாளம் பாளமாக இறுகிக் கிடக்கிறது.

குழி வெட்டும் மோசஸைக் கேட்டேன். "என்னையக் கேட்டா? நான் மம்பட்டியோடதான் வந்தேன். நீ போ மோசஸ், நான் பாத்துக்கிறேன்னான். பெத்தவன் ஆச்சேன்னு போயிட்டேன். ஆனா தாயி, இந்த மண்ணுல ஒரு கொத்து விழுந்தா எனக்குத் தெரியும். அங்க விழல" என்றான்.

அப்படியானால் எங்கே? ஆற்றிலா? நாரிச்சில் மருத்துவம் படிக்கிற பையன்கள் அறுத்துப் படிக்க வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்வார்களே, அதைக்கூட நினைத்துவிட்டேன். நினைத்ததற்காக என்னை நானே அறைந்துகொண்டேன். நீ சொல்லியிருந்தால் நான் ஏன் அப்படி நினைக்கப் போகிறேன்.

எதை எங்கே வைத்தேன் என்று எனக்கும் நினைவு நிற்பதில்லை. என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் இல்லை, அம்மா தந்த கொம்புப் பொத்தான். கத்தியால் அறுத்ததுபோல நூல் நிற்கிறது. நான்தான் காய்ச்சலில் எதையோ செய்தேனோ என்னவோ. அந்தச் சட்டைக்கு இப்போது வேலையும் இல்லை. பிள்ளை பெற்றவள் நன்றி ஜெபம் சொல்லாமல் கோயில் வாசலைத் தாண்டக் கூடாது. நான் சொல்லப் போவதில்லை. எதற்கு நன்றி?

பதில் போடு. யாரை வைத்தாவது எழுது.

மஹலா

*

லிங்கன்ஷயர், ஒரு விடுதியிலிருந்து
மார்ச் 14, 1853

திருமதி லார்ட்டர் அவர்களுக்கு,

உங்கள் கணவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். அவர் பேசுகிறபடியே எழுதுவேன். வரைவதிலும் என் வழக்கம் அதுதான்: இருப்பது இருக்கிறபடி. நடுவே நான் ஏதாவது சொல்ல நேர்ந்தால் அடைப்புக்குறிக்குள் போடுகிறேன்.

ஹொரேஸ் பெக்வித், கட்டடக் கலைஞர்

மஹலா, ஒடம்பு தேறிருச்சுன்னு படிச்சேன். நல்லது. நான் நல்லா இருக்கேன். ஐயா வயிறு வாடாமப் பாத்துக்கிறாரு. அவருக்கும் வாடாது. கல்லறை மேலயே ரொட்டியையும் பன்னிக்கறியையும் பரப்பி வெச்சுத் தின்பாரு. முந்தாநாள் ஒரு கல்லுச் சீமாட்டி மடியில கடுகுக் குப்பிய வெச்சிட்டு மறந்து வந்துட்டோம். (திரும்பிப் போய் எடுத்து வந்தேன். அந்த அம்மையாரிடம் மன்னிப்பும் கேட்டேன்.)

ஐயாவோட தொழிலு பழைய கோயில இடிச்சுக் கட்டுறது. (புதுப்பிப்பது.) இடிக்கிறதுக்கு முன்னால உள்ள இருக்கிற கல்லறைச் சிலையெல்லாம் தாள்ல ஏத்திக்கிறாரு. மூக்கு ஒடஞ்சிருந்தா ஒடஞ்ச மாதிரியே போடுவாரு. மத்தவங்க புது மூக்கு வெச்சுப் போடுவாங்களாம், அதுல இவருக்கு ஆத்திரம். ஒரு நாள் பூரா ஒரு பிரபுவோட செருப்பு வாரையே வரஞ்சாரு. நான் வத்தியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நிக்கிறது நல்லா இருக்கு. கண்ணு முன்னால கல்லு மட்டுந்தான் இருக்கு. வேற நெனப்பு வர்றதில்ல.

நீ கேட்டது. (இங்கே எழுந்து போய்க் கணப்பைக் கிளறினார். நான் பென்சில் சீவினேன்.) வடக்கால வெச்சேன். பொய் சொல்லல. திரும்பத் திரும்பக் கேக்காத. அதுக்கு அங்க குளிராது.

(கடைசி வரியை அடித்துவிடச் சொன்னார். நான் எதையும் அடிப்பதில்லை.)

ஏபெல்

*

சால்த்தோர்ப்
மார்ச் 29, 1853

ஏபெல்,

வடக்கு வேலியில் குளிராதா? கடல் காற்று நேரே அறைகிற இடம் அது. மாடுகூட அங்கே படுக்காது. உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் அது போய் வேறு என்னவோ வந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

இப்போது இன்னொரு குழப்பம். இது உன்னாலா, உன் ஐயாவாலா என்று தெரியவில்லை.

நான் பாதிரியார் வீட்டில் தரை துடைக்கப் போகிறேன். கோயிலுக்குள்தான் விடமாட்டார், வீட்டுக்குள் விடுவார். சனிக்கிழமை அவர் மேசைமேல் பெரிய தாள் ஒன்று விரிந்து கிடந்தது. நம் கோயிலின் தார்ஸ்பி பிரபு கல்லறை. பெக்வித் ஐயா வரைந்ததை அச்சடித்து அனுப்பியிருக்கிறார். பிரபுவும் சீமாட்டியும் மேலே படுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம், நான் வருடக்கணக்காகத் தூசி துடைத்த பக்கம், அவர்களுடைய பெரிய பிள்ளைகள் வரிசையாக முழங்காலில் நிற்கிறார்கள். அதெல்லாம் அச்சாக அப்படியே இருக்கிறது. கீழே தனியாகச் சுவர்ப்பக்கம். அதை நான் பார்த்ததில்லை, யார்தான் பார்த்தார்கள், கல்லறைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையவே கஷ்டம். அங்கேயும் நான்கு பிள்ளைகள் மண்டியிட்டு நிற்கிறார்கள். கடைசியில் துணி சுற்றிய சிசு படுத்திருக்கிறது. பிறந்ததும் போனதை அப்படித்தான் செதுக்குவார்கள், கண்ணும் வாயும் மட்டும் தெரிய, மற்றதெல்லாம் துணி.

இரண்டு சிசுக்கள், ஏபெல். பக்கத்தில் பக்கத்தில்.

வாளி கையிலேயே இருந்தது, நான் நின்றுவிட்டேன். பாதிரியார் உள்ளே வந்தார். "நீயும் கவனிச்சியா? எனக்கும் அதான் கோபம். ஐம்பது வருஷம் முன்னால இந்தக் கோயிலப் பத்தி ஒருத்தர் புஸ்தகமே எழுதியிருக்கார். சுவர்ப்பக்கம் ஒரே சிசுன்னு தெளிவா இருக்கு. இந்த மனுஷன் ரெண்டு போட்டு லண்டன் தொல்பொருள் சங்கத்துக்கு அனுப்பி வெச்சிருக்கார்" என்றார்.

"புஸ்தகம் எழுதுனவரு உள்ள போயிப் பாத்தாருங்களா ஐயா?" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தரைக்கல் மாற்ற மே மாதம் கொத்தர்கள் வருகிறார்களாம். கல்லறையை இழுத்து நடு மண்டபத்தில் போட்டு எண்ணிவிடுவாராம். படம் தவறென்றால் சங்கத்துக்கு எழுதி உன் ஐயாவின் மானத்தை வாங்குவாராம். படம் சரியென்றால் கல்லறை இருந்த இடத்தில் கிடக்கட்டும், பின்னால் இருக்கிற தரையை யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்.

நான் கேட்பது வேறு. நம் பிள்ளையைப் பற்றி அவரிடம் சொன்னாயா? இரக்கப்பட்டு வரைந்தாரா? எனக்கு அவர் இரக்கம் வேண்டாம். பிரபுவின் பிள்ளைகள் வரிசையில் கூலிக்காரன் பிள்ளையை ஒட்டவைத்து வேடிக்கை பார்க்கிறாரா? அல்லது நிஜமாகவே அங்கே இரண்டு இருக்கின்றனவா, எனக்குத்தான் இப்போது எதைப் பார்த்தாலும் அதுவாகத் தெரிகிறதா?

அந்த மேசையைத் தினம் இரண்டு தடவை துடைக்கிறேன். சமையற்காரி கேட்கிறாள், "அந்த மேசமேல அப்படி என்னடி கறை?" என்று. இரண்டாவதன் முகம் முதலாவதைவிடக் கொஞ்சம் சின்னது. அதைத்தான் பார்க்கிறேன்.

மஹலா

*

ஸ்பால்டிங்
ஏப்ரல் 9, 1853

(திருமதி லார்ட்டர், பாதிரியாரின் கடிதம் எனக்கும் வந்தது. இந்த முறை முதலில் நான் பேச வேண்டும். உங்கள் ஊர்க் கோயிலில் நாங்கள் வேலை செய்த விதம் இது. அந்த இடுக்கில் என் வயிறு நுழையாது. முயன்றேன், ஒரு பொத்தானை இழந்தேன். உங்கள் கணவர் ஒல்லியானவர். ஒரு காலை முழுக்க உள்ளே கிடந்த பழைய பலகை, செத்த வௌவால், குப்பை எல்லாவற்றையும் அவரே அள்ளிக் கொட்டினார். பிறகு மெழுகுவத்தியோடு உள்ளே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னார், கோலால் அளந்து சொன்னார். நான் வெளியே உட்கார்ந்து வரைந்தேன். பையன், பையன், பெண், பெண், துணி சுற்றியது ஒன்று என்றார். அவ்வளவுதானா என்று கேட்டேன். துணி சுற்றியது இன்னொன்று என்றார். நிச்சயமா லார்ட்டர் என்றேன். நிச்சயமுங்க என்றார். வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லாததைச் சொல்கிறவன் முகம் அப்படி இருக்காது. அதனால் வரைந்தேன். உங்களுக்குப் பிள்ளை இறந்தது எனக்கு உங்கள் முதல் கடிதம் வந்த பிறகுதான், அதுவும் அவர் அழுததால்தான் தெரியும். இனி அவர் பேசுவது.)

மஹலா, கல்லறைய இழுக்க விடாத. எப்படியாவது தடுத்துரு. ஐயா மானத்துக்காகச் சொல்லல. (நன்றி.) யாராச்சும் உள்ள போயிப் பாத்துச் சொன்னாப் போதும்னு பாதிரியார்கிட்ட சொல்லு. அவரு போக முடியாது. மோசஸ் மூணு ஆளு சதை. நீ எளச்சுப் போயிருப்ப. நீ போ. வேற யாரையும் விட்டுராத. நீயே போ.

(ஏன் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார். இதை எழுதும்போது எழுந்து ஜன்னல் பக்கம் நிற்கிறார்.)

ஏபெல்

*

சால்த்தோர்ப்
ஏப்ரல் 16, 1853

ஏபெல்,

நீ அழுதாய் என்பதை இன்னொருவர் கையெழுத்தில் படிக்கிறேன். என் முன்னால் ஏன் அழவில்லை? நான் உன்னைக் கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹெப்சிபாவிடம் சொல்லியும் வைத்தேன்.

பாதிரியாரிடம் சொன்னேன். யோசித்தார். கொத்தர்களுக்கும் அது லேசான வேலை இல்லை, சலவைக்கல் விரிசல் விட்டுவிடும் என்று பயம் அவருக்கு. கடைசியில், "சரி, நீயே பாத்துச் சொல்லு. ஆனா முதல்ல நன்றி ஜெபம் ஆகணும். அது ஆகாம நீ உள்ள காலெடுத்து வைக்கக் கூடாது" என்றார்.

நான் முடியாது என்று வந்துவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் என் பிள்ளை மூச்சு விட்டது, ஏபெல். நீ பார்த்தாய். நான்கைந்து மூச்சு விட்டது. மருத்துவச்சி அடுத்த ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் போய்விட்டது. யாராவது ஒரு கை தண்ணீர் தெளித்துப் பெயர் சொல்லியிருந்தால் போதும், அது ஞானஸ்நானமாகி அவர்கள் கோயில் பிள்ளை ஆகியிருக்கும். நாம் இரண்டு பேரும் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு நான் மண்டியிட்டு நன்றி சொல்ல வேண்டுமா?

எதற்கு நான் போக வேண்டும்? யாரோ ஒரு பிரபுவுக்கு எத்தனை பிள்ளை செத்தது என்று எண்ணவா? நீ சொல்ல வந்தது என்னவென்று எனக்குப் புரியவில்லை. புரிகிற மாதிரி இருக்கிறது, பிறகு நழுவிவிடுகிறது. தூக்கத்தில் ஒருவர் கூப்பிடுவதுபோல இருக்கிறது.

உன் வாயால் சொல். அந்த ஐயா வழியாக வேண்டாம்.

மஹலா

*

[தேதியில்லை]

மஹலா
போ
ஒன்று மேலே
கீழே தரையைப் பார்
ஏபெல்

*

சால்த்தோர்ப்
மே 2, 1853

ஏபெல்,

இதைத் தனியாகப் படி. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் தாள் வந்தது. நீயா எழுதினாய்? கல்லில் வெட்டியதுபோல ஒவ்வோர் எழுத்தும் நிமிர்ந்து தனித்தனியாக நிற்கிறது. கல்லறை கல்லறையாகப் பார்த்து எழுதப் பழகிவிட்டாய் போலிருக்கிறது. தபால்காரர் இது சாவுச் செய்தியா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

நான் போனேன்.

ஞாயிறு காலை வெள்ளைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வாசல் பக்கத்தில் மண்டியிட்டேன். பாதிரியார் சங்கீதம் படித்தார். என் வாய் அசைந்தது, நன்றி வரவில்லை, ஆமென் வந்தது. அதுவே போதும்போல. எழுந்து உள்ளே வா என்றார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு மெழுகுவத்தியைக் கொடுத்தார்கள். மோசஸ் இடுக்கின் வாயில் நின்றுகொண்டு, "மாட்டிக்கிட்டா ஒரு சத்தம் குடு தாயி. வெண்ணெ தடவி இழுத்துர்றேன்" என்றான். பாதிரியார் அவனை முறைத்தார். ஒருக்களித்து உள்ளே போனேன். முதுகில் சுவர், மூக்குக்கு நேரே சலவைக்கல். நீ இங்கே எப்படி நின்றிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

பையன், பையன், பெண், பெண். யார் கையும் படாததால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூக்கு, விரல் எல்லாம் முழுசாக இருக்கிறது. கடைசியில் துணி சுற்றியது. அதைத் தடவினேன். அதற்கு அடுத்து வத்தியைக் கொண்டுபோனேன். வெறும் கல், ஏபெல். வழுவழுவென்று. எதுவும் உடைந்த அடையாளம்கூட இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. புத்தகம் சொன்னதுதான் சரி.

அந்த மேசையைத் தினம் இதற்கா துடைத்தேன் என்று இருந்தது. அந்த இரண்டாவது சிசுவுக்கு நான் மனசுக்குள் பெயர்கூட வைத்திருந்தேன்.

பிறகுதான் உன் தாள் ஞாபகம் வந்தது. குனிய இடமில்லை. முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே கீழே சரிந்து உட்கார்ந்தேன். வத்தியைத் தரையில் வைத்தேன். பழைய செங்கல் தரை. எல்லாம் கறுத்துப் பாசி பிடித்துக் கிடக்கிறது. அந்தச் சிசுவுக்கு நேர் கீழே மட்டும் சில செங்கற்களைச் சுற்றிச் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கிறது. நடுவில், அந்தப் பூச்சில் அழுத்திப் பதித்து, என் கொம்புப் பொத்தான்.

கோயிலின் வடக்குச் சுவர் இது. குப்பை அள்ளுகிற சாக்கில் பிள்ளையை இங்கே வைத்துப் பூசியிருக்கிறாய். நீ பொய் சொல்லவில்லை. அங்கே காற்று வராது. அதையும் சொன்னாய். உன் ஐயா அதை அடிக்காமல் விட்டார்.

கட்டைவிரலை அந்தப் பொத்தான்மேல் வைத்தேன். எவ்வளவு நேரம் வைத்திருந்தேனோ.

"மஹலா" என்று பாதிரியார் கூப்பிட்டார். "ஏன் உட்கார்ந்துட்ட? மயக்கமா?"

"இல்லீங்க ஐயா."

"தெரியுதா, இல்லையா?"

"தெரியுதுங்க."

"எத்தனை? ஒண்ணா, ரெண்டா?"

பொய் சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்துகொண்டேதான் உள்ளே போயிருந்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டுங்க" என்றேன்.

"நிச்சயமா? தொட்டுப் பார்த்தியா?"

"தொட்டுக்கிட்டுதாங்க இருக்கேன்."

அவர் பெருமூச்சு விட்டது எனக்கு உள்ளே கேட்டது. வெளியே வந்தபோது கொஞ்சம் வாடித்தான் இருந்தார். பழைய புத்தகத்தில் அச்சானதையெல்லாம் நம்பக் கூடாது போல என்றார். உன் ஐயாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதப் போகிறாராம். கல்லறை இருந்த இடத்திலேயே இருக்கும். கொத்தர்கள் நடுத் தரையோடு நிறுத்திக்கொள்வார்கள். மோசஸ் மட்டும் என் பாவாடையைப் பார்த்தான். "தட்டிக்கிட்டுப் போ தாயி, சுண்ணாம்பு ஒட்டியிருக்கு" என்றான். குரல் தாழ்த்திச் சொன்னான். பிறகு வழியெல்லாம் தன் கால்வலியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது போகவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நான் அந்தக் கல்லில் விழுந்து கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன், பிள்ளையைத் தோண்டி வெளியே போட்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பாய். நினைத்தது சரிதானோ என்னவோ. ஆனாலும் நான் அந்த வேலியில் நடந்தேன், ஏபெல். ஆற்றங்கரையிலும் நடந்தேன். சண்டை போட நிறைய இருக்கிறது. அதையெல்லாம் கடிதத்தில் போட முடியாது, நேரில்தான் போட முடியும்.

பெக்வித் ஐயாவிடம் சொல், படம் சரியாகத்தான் இருக்கிறது என்று. அவர் எதையும் அடிக்க வேண்டாம். வேறு ஒல்லியான ஆளாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

சுவர்ப்பக்கத்துத் தூசியை இனி நானே தட்டுவதாகப் பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன். வேறு யாரும் நுழைய முடியாது என்று அவரும் ஒப்புக்கொண்டார். இடுக்குதான். ஆனால் உள்ளே போனபோது கையால் அளந்து பார்த்தேன். ஒருக்களித்து நின்றால் இரண்டு பேர் நிற்கலாம்.

வா.

மஹலா